ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை

காலை ஒன்பதே காலுக்கு முதல் மஞ்சள் கோடு விழுந்தது. ஒன்பது இருபதுக்கு இரண்டாவது. ஒன்பது நாற்பதுக்குள் ஆறு கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசை கட்டி நின்றன. சின்னவள் நாற்காலியைத் திரைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

சின்னவள் என்பது வீட்டுப் பெயர். வீட்டில் இரண்டே பெண்கள். மூத்தவள் பெரியவள், இளையவள் சின்னவள். முப்பத்து நான்கு வயதாகியும், பதினான்கு மருத்துவமனைகளின் நெட்வொர்க்கைத் தன் விரல் நுனியில் வைத்திருந்தும், அந்தப் பெயர் மட்டும் போகவில்லை. அலுவலகத்தில் மேடம் என்பார்கள். எட்டாவது மாடியில், சுவர் முழுக்கத் திரைகள் பதித்த கட்டுப்பாட்டு அறையில், நடு நாற்காலி அவளுடையது.

முன்பெல்லாம் ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஒரு டெக்னீஷியன் இருப்பார். லேப்டாப்பைக் கையில் இடுக்கிக்கொண்டு மாடி மாடியாக ஏறி, கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கிற ஒவ்வொரு சுவிட்ச் பெட்டிக்கும் தனித்தனியாகச் சொல்லிக் கொடுப்பார்: இந்தக் கம்ப்யூட்டர் இதோடு பேசலாம், அந்தக் கருவி அதோடு பேசக்கூடாது. ஆளுக்கு ஒரு விதம், ஆஸ்பத்திரிக்கு ஒரு பழக்கம். இரண்டு வருடம் உட்கார்ந்து சின்னவள் அதையெல்லாம் மாற்றினாள். இப்போது யோசிப்பது ஒரே ஒரு புரோகிராம்தான். அதற்கு மையம் என்று பெயர். இரண்டாயிரத்து முந்நூறு சுவிட்சுகளும் அது சொன்னபடி ஆடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மையம் எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்துவரும். எங்காவது யாராவது கைவைத்திருந்தால் பழையபடி திருப்பி வைத்துவிடும், சத்தமில்லாமல், சலிப்பில்லாமல். அந்தப் பகுதியை எழுதியதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

மஞ்சள் கோடு அப்படித் திருப்பி வைத்ததற்கான குறிப்பு. மாதத்துக்கு ஒன்றிரண்டு விழும். ஏழாவது மருத்துவமனை, மூன்றாவது மாடி, ஒரே சுவிட்ச், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்று விழுந்ததே இல்லை. மாற்றியவரின் அலுவலகப் பெயர் இருக்கும் இடத்தில் நான்கே எழுத்து. அது யாரென்று தெரிந்துகொள்ள அவளுக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை.

பெரியவள்.

"விடாக்கண்டன் கொடாக்கண்டன் கதையா இருக்கே மேடம்," என்றான் பக்கத்து நாற்காலிக்காரன். எதையும் நிதானமாகவே செய்வான் என்பதால் அவனுக்கு அவசரம் என்று பெயர் வைத்திருந்தார்கள். "மையம் எடுக்குது, அவங்க வைக்கிறாங்க. மெஷினோட மல்லுக்கட்ட யாரால முடியும்?"

அந்த நான்கெழுத்துக்காரி தன் கூடப் பிறந்தவள் என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. அவள் சொன்னதில்லை. மையம் வந்த பிறகு கிளை டெக்னீஷியன்கள் தேவையில்லை என்று ஒரு பட்டியல் தயாரானபோது, அதில் ஏழாவது பெயராக அக்கா இருந்ததை, அது வெளியாவதற்கு இரண்டு மாதம் முன்பே பார்த்தும் சொல்லவில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை. பட்டியல் வெளியான அன்று அம்மா வீட்டில் வைத்து அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "உனக்கு முன்னாடியே தெரியுமா?" தெரியும் என்று தலையாட்டியதும், "தெரிஞ்சும் ரெண்டு மாசமா ஞாயித்துக்கிழமை தவறாம வந்து என் கையால சாப்பிட்டுட்டுப் போயிருக்கே," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அதோடு பேச்சு நின்றது. மூன்று மாதம் ஆகிறது. வருகிற வெள்ளிக்கிழமை அக்காவின் கடைசி வேலை நாள்.

அதனால் மஞ்சள் கோடுகளைப் பார்க்கப் பார்க்க சின்னவளுக்கு ஒன்றுதான் தோன்றியது. முறுக்கிக்கொண்டு செய்கிறாள். போகிற போக்கில் என் முகத்தில் கரியைப் பூசிவிட்டுப் போகப் பார்க்கிறாள்.

எட்டரை மணிக்கு, பஸ்ஸில் வரும்போது, அக்காவிடமிருந்து ஒரு அழைப்பு வந்திருந்தது. மூன்று மாதத்தில் முதல் அழைப்பு. காலையிலேயே சண்டை வேண்டாம் என்று போனைப் பைக்குள் போட்டுவிட்டாள். இப்போது அதை நினைத்ததும் உட்கார முடியவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்தபோது பத்தாவது கோடு விழுந்திருந்தது.

பத்தரைக்கு மேலாளர் வந்தார். வந்தவர் சுவரைப் பார்த்தார், முகம் சுண்டிப்போனது.

"என்ன இது மஞ்சள் மஞ்சளா? பதினோரு மணிக்கு நிர்வாகக் குழு வர்றாங்க. ஊர்ல இருக்கிற எல்லாத்தையும் ஒரே இடத்துல இருந்து ஆட்டி வைக்கிறோம்னு சொல்லி வச்சிருக்கேன். ஒரு சுவிட்ச் அடங்க மாட்டேங்குதுன்னு காட்டுறதா?"

"யாரோ கையால மாத்துறாங்க சார்."

"யாரோன்னா? பேர் இருக்குமே." குனிந்து பார்த்தார். "வெள்ளிக்கிழமையோட போறவங்கதானே? அன்னைக்கு எடுக்கப்போற அனுமதியை இன்னைக்கே எடுத்துடுங்க. தொல்லை விட்டுது."

அவசரம் தன் திரையைப் பார்த்துக்கொண்டான். சின்னவளின் விரல் மவுஸின் மேல் இருந்தது. ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்தில், எடுத்தால் என்ன பேசுவது என்ற நினைப்பும் வந்தது. ஒரே சொடுக்கு. அக்காவின் நான்கெழுத்து சாம்பல் நிறமானது. அப்போது மணி பத்து நாற்பத்திரண்டு. அடுத்த சுற்றில் மையம் சுவிட்சைத் திருப்பி வைத்தது. அதற்குப் பிறகு கோடு விழவில்லை.

நிர்வாகக் குழுவினர் வந்தார்கள். சின்னவள் எழுந்து நின்று விளக்கினாள். வாய் பேசிக்கொண்டிருந்தது, மனசு முள்மேல் நின்றது. தொல்லை ஓய்ந்துவிட்டதே, ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது என்று அவளுக்கே புரியவில்லை. அக்காவை அவளுக்குத் தெரியும். கோபம் வந்தால் கத்துவாள், கதவை அறைவாள், பத்து நிமிடத்தில் மறந்துவிட்டு அடுத்த வேலைக்குப் போவாள். வீம்புக்காக ஒரே இடத்தில் ஒன்றரை மணி நேரம் நின்று, ஒரே வரியைப் பத்தொன்பது முறை தட்டச்சு செய்கிற பொறுமை அவளுக்குக் கிடையாது. அக்கா அப்படி நின்றிருக்கிறாள் என்றால்?

மேலாளர் குழுவினரைக் கூட்ட அறைக்கு அழைத்துக்கொண்டு போனதும், அவள் நின்றவாக்கிலேயே அந்தக் கோடுகளில் ஒன்றைத் திறந்தாள். காலையிலிருந்து யார் மாற்றியது என்று பார்த்தாளே தவிர, என்ன மாற்றியது என்று ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

இரண்டே வரி. எட்டு கருவிகளை 'கண்காணிப்புக் கேமரா' என்ற பிரிவிலிருந்து எடுத்து 'சிகிச்சைக் கருவி' என்ற பிரிவில் போட்டிருந்தாள் பெரியவள். பத்தொன்பது முறையும் அதே இரண்டு வரி, ஒரு எழுத்துப் பிழை இல்லாமல்.

மூன்றாவது மாடியில் ஒரே கூடத்தில் எட்டு கேமராவா? சின்னவள் புகார்ப் பெட்டியைத் திறந்தாள். முந்தாநாளிலிருந்து அக்காவின் பெயரில் மூன்று புகார்கள். 'டயாலிசிஸ் கூடத்தில் எட்டு புதிய இயந்திரங்கள் வந்துள்ளன. மையம் அவற்றைக் கேமரா என்று எடுத்துக்கொள்கிறது. இயந்திரத்தின் எச்சரிக்கை செவிலியர் மேசைக்குப் போகவில்லை. உடனே பார்க்கவும்.' மூன்றுக்கும் பதில் ஒன்றுதான், அதுவும் தானாக எழுதப்பட்டது: சாதாரணம். நான்கு வேலை நாட்களில் கவனிக்கப்படும்.

புதுக் கருவி எதுவென்று அதன் நெட்வொர்க் கார்டை வைத்து அடையாளம் காண்கிற விதியை எழுதியது அவள்தான். கேமராவுக்கும் அந்த இயந்திரத்துக்கும் கார்டு செய்தவன் ஒருவனாக இருந்திருக்கிறான். கேமராக்கள் செவிலியர் மேசையோடு பேசக்கூடாது என்று எழுதியதும் அவள்தான். மையம் சொன்னதைச் செய்யும் கிளிப்பிள்ளை. அதன்மேல் என்ன குற்றம்?

"அவசரம், இந்த விதியை இப்பவே மாத்தணும்."

"மாத்தலாம் மேடம். ஆனா ரெண்டு பேர் ஒப்புதல் வேணும். நீங்க ஒண்ணு, சார் ஒண்ணு. சார் கூட்டத்துல இருக்காரு."

"அக்காவோட..." நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அவங்க அனுமதியைத் திருப்பிக் குடு."

"அதுக்கும் சார் கையெழுத்து வேணும். எடுக்கிறதுக்குத்தான் ஒரு ஆள் போதும்."

அவள் அக்காவுக்குப் போன் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மூன்றாவது மாடிச் செவிலியர் மேசைக்குப் போட்டாள். அங்கேயும் எடுக்க ஆளில்லை. கூட்ட அறைக் கதவைத் தட்டினாள். மேலாளர் கண்ணாடி வழியாகக் கையை மட்டும் உயர்த்தி, அப்புறம் என்றார். அவருடைய போன் அணைந்திருந்தது.

"நீ இங்கயே நின்னு, கதவு திறந்ததும் சாரைப் பிடிச்சு ஒப்புதல் வாங்கு. நான் நேர்ல போறேன்."

லிஃப்ட் வரும்வரை அவளால் காத்திருக்க முடியவில்லை. எட்டு மாடியும் படியில் இறங்கினாள். ஒரு டாக்சியைப் பிடித்து ஏறினாள். சிக்னலில் வண்டி நின்றபோதெல்லாம் டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "ஆஸ்பத்திரில யாரும்மா?" என்று கேட்டார். "அக்கா," என்றாள் அவள். அவர் அதற்கு மேல் கேட்காமல் வேகமாக ஓட்டினார்.

மூன்றாவது மாடிக் கூடத்தில் எட்டு கட்டில்கள், எட்டு இயந்திரங்கள். சாதாரணமாக மூன்று செவிலியர் மேசையில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இன்று மேசை காலி. ஒவ்வொருவரும் இரண்டு இயந்திரங்களுக்கு நடுவே நின்றிருந்தார்கள். நாலாவது ஆளாக, ஐந்துக்கும் ஆறுக்கும் இடையே ஒரு முக்காலியில் பெரியவள் உட்கார்ந்திருந்தாள். இடுப்பில் கருவிப் பை, கழுத்தில் அடையாள அட்டை. தங்கையைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"யாரு வேணும்?" என்றார் தலைமைச் செவிலி.

"மையத்துல இருந்து வர்றேன் சிஸ்டர்."

"ஓ. நீங்கதானா அது?" அந்த அம்மாவின் குரலில் இருந்தது கோபம்கூட இல்லை, அதைவிட மோசமான ஏதோ ஒன்று. "புது மெஷின்ல இன்னைக்குத்தான் ஆளைப் போட்டோம். இவங்க காலையில இருந்து அந்த லிஃப்ட் பக்கத்து அறையில நின்னு ஏதோ தட்டிக்கிட்டே இருந்தாங்க. தட்டினா அஞ்சு நிமிஷம் மேசையில எச்சரிக்கை வரும், அப்புறம் போயிடும். மறுபடி தட்டுவாங்க. திடீர்னு அதுவும் முடியலன்னு ஓடி வந்தாங்க. அதுக்குள்ள மூணாம் கட்டில்காரருக்கு ரத்த அழுத்தம் இறங்கிப் போச்சு. மெஷின் கத்தியிருக்கு. பக்கத்துல தரை தேய்க்கிற மெஷின் சத்தம். மேசையில ஒண்ணும் வரல. ஆயாம்மா துடைப்பத்தைப் போட்டுட்டு, 'ஐயா கை தொங்குதே'ன்னு கூப்பிட்டதால பார்த்தோம்."

சின்னவள் மூன்றாவது கட்டிலைப் பார்த்தாள். ஐம்பது வயது இருக்கும் ஒரு மனிதர், கால்பக்கம் உயர்த்தி வைத்த கட்டிலில் கண்மூடிக் கிடந்தார். உதடு வெளுத்திருந்தது. மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற அவர் மனைவி, அவருடைய கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்திருந்தார்.

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள்.

"பத்து அம்பது."

பத்து நாற்பத்திரண்டுக்கும் பத்து ஐம்பதுக்கும் இடையில் எட்டு நிமிடம். அவள் கண்கள் அக்காவின் பக்கம் போகவே மறுத்தன.

பெரியவள்தான் எழுந்து வந்தாள். முக்காலியில் ஆயாம்மாவை உட்கார வைத்தாள். "செவப்பு எரிஞ்சா கத்துங்க," என்று சொல்லிவிட்டுத் தங்கையிடம் வந்தாள். "அங்க இருந்து சரி பண்ண முடியலயா?"

"ஒப்புதல் வேணும். சார் கூட்டத்துல..."

"சரி. வா."

லிஃப்டுக்குப் பக்கத்து அறை ஓர் ஆள் நிற்கிற அகலம்தான். சுவிட்ச் இருந்த இரும்பு அடுக்கிலிருந்து அனல் அடித்தது. தரையில் பெரியவளின் லேப்டாப் ஒரு கவிழ்த்த வாளியின் மேல் இருந்தது. அதன் பக்கத்தில் குடிக்காமல் ஆறிப்போன டீ.

"ஆபத்துக்குன்னு ஒரு பாஸ்வேர்ட் உறையில போட்டு எல்லா ஆஸ்பத்திரிக்கும் அனுப்பினீங்களே, அது சிஸ்டர் அலமாரியில இருக்கு," என்றாள் பெரியவள். "அதைப் பிரிக்க மையத்து ஆள் பக்கத்துல நிக்கணும்னு மேல எழுதியிருக்கு. உன் எழுத்துதான்."

சின்னவள் ஓடிப்போய் உறையை வாங்கிவந்து பிரித்தாள். கேபிளை லேப்டாப்பில் சொருகி உள்ளே நுழைந்தாள்.

"ஆனா நான் வச்சாலும் அஞ்சு நிமிஷத்துல மையம் திருப்பிடுமே."

"திருப்பறதுக்கு அது இங்க வரணும் இல்ல?" பெரியவள் மேலே நீலக் கேபிள் ஒன்றைக் காட்டினாள். "மையம் இதோட பேசுறது இந்த ஒரு வழியிலதான். செவிலியர் மேசைக்குப் போற வழி வேற. இதை உருவிட்டா, கடைசியா என்ன சொன்னமோ அதையே பிடிச்சுக்கிட்டு இருக்கும். நீ எழுதினதுதான்டி, நீயே மறந்தா எப்படி?"

"அப்ப நேத்தே உருவியிருக்கலாமே?"

"கேபிள்ல கை வச்சா உடனடி வேலைநீக்கம்னு சுற்றறிக்கை வந்துச்சு. அதையும் மீறி இன்னைக்குக் கொஞ்சம் முன்னாடி உருவத்தான் வந்தேன். உருவி என்ன பண்றது? உள்ள நுழைய முடியலயே. தப்பானதையே பிடிச்சுக்கிட்டுல்ல நின்னிருக்கும்."

சின்னவள் நீலக் கேபிளைப் பிடித்தாள். இதை உருவினால் எட்டாவது மாடிச் சுவரில் ஏழாவது மருத்துவமனையின் ஒரு மாடி சிவப்பாகும். அதுவும் இன்றைக்கு.

"நீயே இழு அக்கா. உனக்குத்தான் பழக்கம்."

"நான் இழுத்தா கோபத்துல இழுத்தேன்னு எழுதுவாங்க. நீ இழு."

இழுத்தாள். சின்னதாய் ஒரு பச்சை விளக்கு அணைந்தது. பிறகு வாளிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, விசைப்பலகையில் கையை வைத்தவள் அப்படியே இருந்தாள். கையால் ஒரு சுவிட்சுக்குக் கட்டளை எழுதி இரண்டு வருடம் ஆகிறது. முதல் சொல்லே வரவில்லை. காது மடல் சூடாகிவிட்டது.

"சொல்றேன், அடி," என்றாள் பெரியவள், அவள் தலைக்கு மேலிருந்து. ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். பத்தொன்பது முறை அடித்த வரிகள், மனப்பாடமாக இருந்தன.

கூடத்துக்குப் போனார்கள். தலைமைச் செவிலி எட்டாவது இயந்திரத்தில் சோதனைப் பொத்தானை அழுத்தினார். மேசைத் திரையில் எட்டாம் எண் சிவப்பாகி, பீப் பீப் என்று அலறியது. ஒவ்வொன்றாக எட்டையும் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் காத்திருந்தார்கள். ஆறாவது நிமிடம் மறுபடி எட்டையும் பார்த்தார்கள். அப்புறம்தான் செவிலியர் மேசைக்குத் திரும்பினார்கள்.

சின்னவளின் போன் அலறியது.

"என்னம்மா நடக்குது அங்க? சுவர்ல செவப்பு! குழு முழுக்கப் பார்த்துக்கிட்டு நிக்குது. அந்த டெக்னீஷியன் கேபிளைப் பிடுங்கிட்டாங்களா?"

"நான்தான் சார் பிடுங்கினேன்."

அவர் பேசுமுன் அவளே தொடர்ந்தாள்.

"நான் எழுதின விதி தப்பு சார். அதனால ஒரு நோயாளியோட உயிர் போயிருக்கும். அவங்க மூணு தடவை எழுதிப் போட்டாங்க, நாம பார்க்கல. அவசரம்கிட்ட ஒப்புதல் குடுங்க, நான் வந்து மத்ததைச் சொல்றேன். இன்னொண்ணு. அவங்க என் அக்கா."

பேசிவிட்டுப் போனை வைத்தபோது பெரியவள் படிக்கட்டுப் பக்கம் போயிருந்தாள். சின்னவள் பின்னாலேயே போனாள். படியில் உட்கார்ந்து அக்கா தன் விரல்களை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தாள்.

"மஞ்சள் கோடு விழுந்தப்ப நான்தான்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"தெரிஞ்சுதான் எடுத்தியா?"

பொய் சொல்லலாம். மேலாளர் எடுத்தார் என்று சொல்லிவிடலாம், பாதி உண்மைதான். "ஆமா," என்றாள்.

கீழ்த் தளத்தில் யாரோ ஒரு தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள்.

"வேற எவளாவது இருந்திருந்தா ஒரு போன் போட்டுக் கேட்டிருப்பே இல்ல?"

அக்கா எழுந்து, "எனக்கு அஞ்சாவது மாடில வேலை இருக்கு," என்று சொல்லிவிட்டு மேலே ஏறினாள்.

விதி அன்று மாலை நான்கு மணிக்குள் மாறியது. அடுத்த வாரம் இன்னும் இரண்டு மருத்துவமனைகளுக்கு அதே இயந்திரங்கள் வரவிருந்தன என்பது அப்போதுதான் தெரிந்தது. விசாரணை நடந்தது. சின்னவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, நடு நாற்காலி ஆறு மாதத்துக்கு அவசரத்திடம் போனது. அவன் அதில் உட்கார இரண்டு நாள் எடுத்துக்கொண்டான். மையத்தில் ஒரு புதிய பகுதி எழுதும் வேலையைச் சின்னவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். கிளையில் இருப்பவர் காரணம் எழுதி ஒரு மாற்றத்தைச் செய்தால், ஒரு நாள் முழுக்க மையம் அதைத் தொடக்கூடாது, அந்தக் காரணத்தை ஒரு மனிதர் படித்தே ஆகவேண்டும். எழுதி முடித்தபோது, கிளைகளில் அதைப் பயன்படுத்த ஆட்கள் பெரும்பாலும் இல்லை.

பெரியவளுக்கு மூன்று மாதம் நீட்டிப்புத் தருவதாகச் சொன்னார்கள். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். வெள்ளிக்கிழமை சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு வந்து, திங்கட்கிழமை ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தாள். தங்கை போன் செய்தால் எடுக்கிறாள். அம்மாவின் மாத்திரை, தண்ணீர்த் தொட்டி, வீட்டு வரி என்று பேசுகிறாள். மற்றதைப் பேசுவதில்லை.

சின்னவளுக்கு இப்போதெல்லாம் எட்டாவது மாடியில் இருப்புக் கொள்வதில்லை. புதன்கிழமைகளில் யாரும் சொல்லாமலே கிளம்பி, ஏதாவது ஒரு மருத்துவமனைக்குப் போய்க் கூடம் கூடமாக நடக்கிறாள். ஏழாவதுக்கு மட்டும் போக ஒரு மாதம் பிடித்தது. போனபோது மூன்றாவது கட்டிலில் அதே மனிதர் இருந்தார். ஊசி குத்திய கையை அசைக்காமல், மறு கையால் அவளை அழைத்தார்.

"ஆஸ்பத்திரி ஆளா நீங்க? இந்த டிவி நாலு நாளா ஒரே சேனல்லயே நிக்குது. கொஞ்சம் பாருங்களேன்."

அவள் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள்.